விடுதியும் தொற்றுநோயும்



முந்நூறு பேர் ஒரே கூரையின் கீழ் உறங்குகிறோம். ஒரே மெஸ்ஸில் உண்கிறோம். ஒரே நீர்த்தொட்டியின் குழாயில் குவளையை நீட்டுகிறோம். வீட்டை விட்டு இரண்டு இரவு ரயில் பயணத் தொலைவில் இருக்கும் நமக்கு இந்தக் கூட்டு வாழ்வே துணை. ஆனால் நமக்குத் துணையான இந்த நெருக்கம் நோய்க்கும் துணையாகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை ஒரு பாடமாக எழுதித் தர வேண்டும் என்று பலநாள் நினைத்திருந்தேன். நினைத்ததற்குக் காரணம் என் விஞ்ஞானப் படிப்பு மட்டுமன்று. நான் செய்த ஒரு தவறும் ஆகும். அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

2024ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பினேன். ஜனவரி மாத இறுதியில் ஒருநாள் மாலை உடல் நொந்தது. இலேசாகக் காய்ச்சல் கண்டது. மறுநாள் செய்முறைத் தேர்வு. பாரசிட்டமால் ஒன்றை விழுங்கிவிட்டுப் படுத்தேன். காலையில் மார்பில் நாலைந்து சிவந்த புள்ளிகள் இருந்தன. கொசுக்கடி என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். அது கொசுக்கடி அன்று என்பது உள்ளுக்குள் தெரியும். தெரிந்தே தேர்வுக்குப் போனேன். அன்றிரவு மெஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த திருநெல்வேலித் தம்பிக்கு ஒரு கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் முகமெல்லாம் நீர்க்கொப்புளம். மருத்துவரிடம் காட்டியபோது, "சின்னம்மை" என்றார்.

பதினைந்து நாள் கழித்து எங்கள் வரிசை அறைகளில் ஐந்து பேர் படுத்தார்கள். அவர்களுள் அந்தத் தம்பியும் ஒருவன். மற்ற நால்வரும் ஒரு வாரத்தில் எழுந்தார்கள். தம்பிக்கு மூச்சு வாங்கியது. நுரையீரலில் அழற்சி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் அங்கே கிடந்தான். பிழைத்துக் கொண்டான், ஆனால் அந்தப் பருவத் தேர்வு போயிற்று. பார்க்கப் போனபோது, "அண்ணே, உங்களுக்குத்தான் முதல்ல வந்துச்சு, இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. இக்கட்டுரையே அதற்குரிய மறுமொழி.

சின்னம்மை என்பது யாது?

நம் ஊரில் இதை அம்மை என்கிறோம். அம்மன் வந்திருக்கிறாள் என்கிறோம். இங்குள்ள இந்தி பேசும் நண்பர்கள் 'சோட்டி மாதா' என்கிறார்கள். அதுவும் சின்ன அம்மையே. என் அறைத் தோழர் வங்காளத்தவர். அவர்கள் மொழியில் இதற்கு 'ஜல வசந்தம்' என்ற பொருளில் பெயர் வழங்குகிறது. நீர் நிறைந்த கொப்புளத்தையும், நோய் மிகுதியாகக் காணும் பருவத்தையும் அப்பெயர் ஒருங்கே சுட்டுகிறது. பனி முடிந்து இளவேனில் தொடங்கும் மாதங்களே இந்நோய்க்கு உரிய காலம் என்பதை மக்கள் விஞ்ஞானிகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

பெரியம்மை வேறு, சின்னம்மை வேறு. இரண்டும் தனித்தனி நோய்கள் என்பதை 1767இல் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் தெளிவாக எடுத்துக் காட்டினார். பெரியம்மையில் கொப்புளங்கள் எல்லாம் ஒரே நிலையில் இருக்கும். முகத்திலும் கைகால்களிலும் மிகும். சின்னம்மையில் புதிய புள்ளி, நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே உடலிற் காணலாம். மார்பிலும் முதுகிலும் மிகும். பெரியம்மை இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு ஒழிந்தது. உலகமே அதனின்று விடுபட்டதை உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. சின்னம்மை இன்னும் நம்முடன் வாழ்கிறது.

இதற்குக் காரணம் வாரிசெல்லா சாஸ்டர் என்னும் வைரஸ். நோயாளியின் மூச்சிலும் இருமலிலும் வெளிப்படும் நுண்துளிகளாலும், கொப்புள நீராலும் இது பரவும். உடலுக்குள் புகுந்தபின் பத்து முதல் இருபத்தொரு நாள் வரை எந்த அடையாளமும் காட்டாமல் பெருகும். நோய் தணிந்த பின்னரும் அது முற்றும் நீங்குவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும். பல ஆண்டு கழித்து உடல் தளரும்போது மீண்டும் எழுந்தால் அதுவே அக்கி. நம் கிராமங்களில் காவிமண் குழைத்து அக்கி எழுதும் வழக்கத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். பாட்டியின் அக்கியும் பேரனின் அம்மையும் ஒரே வைரஸின் இரு கோலங்கள்.

இங்கே நாம் முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புள்ளி தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே நோயாளியிடமிருந்து நோய் பரவத் தொடங்குகிறது. எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்டும் வரை, அதாவது ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு நாள் வரை, அது தொடர்கிறது. ஆகவே ஒருவன் தனக்கு நோய் என்று அறியுமுன்பே நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிறான். அறியாமற் கொடுப்பதற்கு யாரும் பொறுப்பாளி அல்லர். அறிந்தபின் கொடுப்பதற்கு நான் பொறுப்பாளி.

இன்னொரு செய்தியும் நம்மைப் போன்றவர்க்கு உரியது. குளிர்நாடுகளில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே சின்னம்மை கண்டு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுவர். வெப்பநாடுகளில் அது காணாமலே பதினெட்டு, இருபது வயதை அடைவோர் பலர். குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் எளிதாகப் போகும் இந்நோய், வளர்ந்தவர்க்கு வந்தால் கடுமையாகும். நுரையீரலைத் தாக்கும் அச்சமும் அதிகம். தெற்கிலிருந்து வந்து விடுதியிற் சேரும் நமக்கு இது வெறும் புத்தகச் செய்தி அன்று.

ஒரு பள்ளியின் கதை

விடுதியில் நோய் எவ்வாறு ஓடும் என்பதைக் காட்ட, உலகெங்கும் மாணவர்க்குப் பாடமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஓர் உறைவிடப் பள்ளியில் இன்புளுயன்சாக் காய்ச்சல் புகுந்தது. அங்கே படித்த சிறுவர் 763 பேர். விடுமுறை முடிந்து திரும்பிய ஒரு சிறுவனுக்கு முதலிற் காய்ச்சல் கண்டது. ஜனவரி 22 அன்று படுக்கையில் இருந்தவர் மூவர். அடுத்த நாள் எண்மர். பிறகு ஏறக்குறைய 26, 76, 225 என்று எண்ணிக்கை ஏறியது. ஆறாம் நாள் 298. நாள்தோறும் மும்மடங்காகப் பெருகிய வேகத்தைக் காண்க! அதன்பின் இறங்கத் தொடங்கி, பிப்ரவரி 4இல் நால்வர் மட்டுமே படுக்கையில் இருந்தனர். இரண்டே வாரத்தில் 512 சிறுவர் படுத்து எழுந்தனர்.

இதில் வியப்பான பகுதி வேறு. அச்சிறுவர்களோடு பழகிய பெரியவர்கள் ஏறக்குறைய 130 பேர். அவர்களுள் ஒரே ஒருவருக்குத்தான் காய்ச்சல் வந்தது. காரணம் என்ன? அந்த ஆண்டு பரவிய இன்புளுயன்சா இனம் 1957க்கு முன் உலகிற் சுற்றி, பின்னர் மறைந்து, 1977இல் மீண்டும் தோன்றியது. பெரியவர்கள் இளமையில் அதைக் கண்டவர்கள். சிறுவர்களோ 1957க்குப் பின் பிறந்தவர்கள். ஒரே காற்றை மூச்சிழுத்தவர்களுள் ஒரு சாரார் வீழ்ந்தனர். மறு சாரார் நின்றனர். கிருமி மட்டும் நோயை உண்டாக்குவதில்லை. எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டமும் சேர்ந்தே உண்டாக்குகிறது.

கணக்குச் சொல்லும் பாடம்

இதனைக் கணக்கில் அடக்கிக் காட்டியவர்கள் இருவர். ஒருவர் மெக்கண்ட்ரிக். இவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். 1901இல் ரொனால்டு ராஸுடன் மலேரியாத் தடுப்பு வேலைக்காகச் சியரா லியோன் சென்றவர். பின்னர்க் கசௌலி பாஸ்டர் நிலையத்தின் தலைவராக விளங்கியவர். மற்றவர் கெர்மாக் என்னும் வேதியியலார். 1924இல் ஆய்வுக்கூட விபத்தில் இரு கண்ணையும் இழந்தவர். இவ்விருவரும் எடின்பரோவில் சேர்ந்து உழைத்து 1927இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். தம் சமன்பாட்டைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது நம் நாட்டுத் துயரையே. 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோய்க்கு வாரந்தோறும் இறந்தோர் எண்ணிக்கை அது.

அவர்கள் கண்ட உண்மையை எளிதாகச் சொல்லலாம். எவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி தான் குணமாகுமுன் எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பான் என்று பாருங்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் அந்த எண் பாதியாகும். அவ்வெண் ஒன்றுக்கு மேல் இருக்கும்வரை நோய் பெருகும்; ஒன்றுக்குக் கீழ் வந்தால் தானே அணையும். கடைசி ஆள் வரை பிடித்த பிறகுதான் கொள்ளைநோய் ஓயும் என்பதில்லை. ஈர விறகு மிகுந்தால் நெருப்பு அவிவது போல, எதிர்ப்புடையோர் மிகுந்தாலே அது ஓயும்.

நம் விடுதிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். சின்னம்மைக்கு அந்த எண் ஏறக்குறைய பத்து என்று கொள்வர். முந்நூறு பேரில் இருநூறு பேர் இளமையில் அம்மை கண்டவர், நூறு பேர் காணாதவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எண், பத்தில் மூன்றிலொரு பங்கு. அதாவது மூன்றுக்குச் சற்று மேல். நோய் பெருகும்.

நோயாளியைத் தனிமைப்படுத்தினால் என்னாகும்? புள்ளி தோன்றுமுன்பே பரவல் தொடங்கிவிடுவதால் பாதியைத்தான் தடுக்க முடியும் என்று கொள்வோம். எண் 1.7 ஆகும். இன்னும் ஒன்றுக்கு மேலேதான் இருக்கிறது. தனிமையை விட்டுவிட்டு, நோய் காணாத நூறு பேரில் ஐம்பது பேர் தடுப்பூசி போட்டு முழுப் பயன் பெற்றதாகக் கொள்வோம். அப்போதும் எண் 1.7தான். இரண்டையும் சேர்த்துச் செய்தால்? 0.83. ஒன்றுக்குக் கீழ் வந்துவிட்டது, தீ அவியும். தனித்தனியே போதாத இரண்டு வழிகள் சேர்ந்தபோது போதுமானவை ஆயின. தனிமை வேண்டுமா, ஊசி வேண்டுமா என்று வாதிடுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

தடுப்பூசி

சின்னம்மைத் தடுப்பூசியைக் கண்டவர் ஜப்பானிய அறிஞர் மிச்சியாக்கி தக்காஹாஷி. 1964இல் அவர் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை கடுமையாகக் கண்டது. குழந்தையின் அருகில் விழித்திருந்த அந்தத் தந்தை, இதற்கொரு தடுப்பு வேண்டும் என்று முடிவு செய்தார். வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸைக் கொண்டு அவர் ஆக்கிய ஊசி 1974இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அமெரிக்க அரசு 1995இல் அதை ஏற்றுக்கொண்டது. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரு தவணை போட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இதை விலை கொடுத்தே போட்டுக்கொள்கிறோம். விடுதியில் ஒருவருக்கு நோய் கண்டபின்னும், அவரோடு பழகியவர் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் போட்டுக்கொண்டால் நோய் வராமற் போகலாம். வந்தாலும் தணிவாக வரும். கருவுற்ற பெண்களும், எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களும் இதைப் போட்டுக்கொள்ளலாகாது.

வேப்பிலையின் பொருள்

எனக்கு நோய் என்று அறிந்ததும் அம்மா தொலைபேசியில், "கண்ணு, அங்க வேப்பிலை கிடைக்குமா?" என்றுதான் கேட்டார். இங்கே வேம்புக்குக் குறைவில்லை. என் வங்கத் தோழர் ஒரு கொத்தைக் கொணர்ந்து கதவில் செருகிவிட்டார். வேப்பிலை வைரஸைக் கொல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதவில் வேப்பிலை கண்டால் அயலார் உள்ளே வருவதில்லை. நோயாளிக்குத் தனிப் பாய், தனித் துணி. வெளியூர்ப் பயணம் கிடையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே வருவதில்லை. நம் முன்னோர் அம்மனின் பெயரால் செய்தது இந்நாளைய மருத்துவர் சொல்லும் தனிமைப்படுத்தலே. அந்த நல்ல பகுதியைப் போற்றுவோம்.

தள்ள வேண்டிய பகுதியும் உண்டு. அம்மை கண்டால் மருத்துவரிடம் போகக்கூடாது என்பது தவறு. புள்ளி தோன்றிய இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அசைக்ளோவிர் என்னும் மருந்து வளர்ந்தவர்க்கு நல்ல பயன் தரும். அதை மருத்துவரே தர வேண்டும். குளிக்கக்கூடாது என்பதும் தவறு. உடலைத் தூய்மையாக வைத்தால் கொப்புளம் சீழ் பிடிக்காது. நகத்தை வெட்டிவிட வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது. இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிற நோய்கள்

எல்லாத் தொற்றுக்கும் ஒரே வழி செல்லாது. இன்புளுயன்சாவானால், மருந்தின் உதவியின்றிக் காய்ச்சல் நீங்கி ஒரு முழுநாள் ஆகும்வரை அறையில் இருத்தல் வேண்டும். பொன்னுக்கு வீங்கியானால் வீக்கம் கண்டதிலிருந்து ஐந்து நாள். கண்நோயானால் துண்டும் தலையணையும் பிறரோடு பகிரலாகாது. மஞ்சட் காமாலையில் ஒரு வகையும் டைபாய்டும் நீராலும் உணவாலும் வருவன. அவற்றுக்குக் கதவடைத்துப் பயனில்லை. நீர்த்தொட்டியைக் கழுவுவதும், மெஸ் ஊழியர்க்குச் சோப்பும் நல்ல தண்ணீரும் தருவதும், கழிப்பறையிலிருந்து வந்ததும் சோப்பால் கை கழுவுவதுமே மருந்து. குளிர்காலத்தில் மூச்சால் பரவும் நோய்கள் மிகுவதற்கு, குளிருக்கு அஞ்சி நாம் சன்னல்களை அடைத்து வைப்பதும் ஒரு காரணம். படிக்கும் அறையில் ஒரு சன்னலாவது திறந்திருக்கட்டும். 2020இல் கற்றுக்கொண்ட முகக்கவசத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். இருமுகிறவன் அணிந்தால் அருகிலிருப்பவன் பிழைப்பான்.

நாம் செய்ய வேண்டுவன

நான் ஏன் மறைத்தேன் என்பதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சோம்பலும் அறியாமையும் காரணம் அல்ல. செய்முறைத் தேர்வின் மதிப்பெண் போய்விடும் என்ற அச்சம். வருகைப்பதிவு குறையும் என்ற அச்சம். 'ஊருக்குப் போ' என்று அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம். அனுப்பத்தான் பார்த்தார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது என் தோழர், "ஒரு ரயில் பெட்டியில் எழுபது பேர் இருப்பார்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணி இருந்தால்?" என்று கேட்டார். பெட்டியை அவிழ்த்துவிட்டேன். அவர் இளமையில் அம்மை கண்டவர்; ஆகவே அஞ்சாமல் எட்டு நாள் எனக்குத் தட்டு ஏந்தி வந்தார். நோயைச் சொன்னவனைத் தண்டிக்கும் விதி, நோயை மறைக்கவே கற்றுக் கொடுக்கும். இதை மாற்றாமல் எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் பயனில்லை.

ஆகவே நம் சங்கத்தார் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு விடுதியிலும் கழிப்பறையோடு கூடிய இரண்டு அறைகளை நோயாளிக்கென்று ஒதுக்குமாறு வார்டனிடம் கேட்போம். நோயாளியை ரயிலேற்றும் வழக்கம் நிற்கட்டும்.

இரண்டு: மருத்துவர் சான்று தந்தால் வருகைப்பதிவில் விலக்கும், செய்முறைத் தேர்வுக்கு வேறொரு நாளும் தருமாறு துறைத் தலைவர்களுக்கு விண்ணப்பம் எழுதுவோம்.

மூன்று: சங்க உறுப்பினர்களுள் முன்பே சின்னம்மை கண்டவர் யார், காணாதவர் யார் என்று விருப்பமுள்ளோரிடம் கேட்டு ஒரு குறிப்பேடு வைப்போம். கண்டவர்கள் நோயாளிக்கு உணவு கொண்டு செல்லும் முறை ஏற்கட்டும். காணாதவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.

நான்கு: புதிதாக வரும் தம்பி தங்கையரை வரவேற்கும் நாளில், மெஸ்ஸில் தயிர் எந்த நேரத்தில் தீரும் என்று சொல்வதோடு, காய்ச்சல் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்வோம்.

இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது எதுவும் இல்லை. தடுப்பூசி ஒன்றே விலையுடையது. அதுவும் ஒன்பது நாள் மருத்துவமனைச் செலவை நோக்கச் சிறிது.

திருநெல்வேலித் தம்பி இப்போது நலமாக இருக்கிறான். விட்ட தேர்வை அடுத்த பருவத்தில் எழுதித் தேறினான். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நீங்க சொல்லிக் குடுத்த கணக்கு மட்டும் தேர்வுல வரவே இல்லண்ணே" என்று சிரித்தான். அவன் மன்னித்துவிட்டான். ஆயினும் மறுபடி என் உடல் சுடும் நாளில், மெஸ்ஸுக்குப் போகுமுன் வார்டனின் கதவைத் தட்டுவேன். நீங்களும் தட்டுங்கள்.